கோடைச் சந்தையில் ஆங்கிலம்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில் கெண்டு என்னும் மாவட்டம் உள்ளது. பீருக்குக் கசப்பேற்றும் ‘ஆப்சு’ என்னும் கொடியின் பூக்களைப் பறிப்பதற்காக, இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் கோடையின் கடைக்கூற்றில் அங்குக் கூட்டங் கூட்டமாகச் சென்றன. கொட்டகைகளில் தங்கின, பறித்த அளவிற்குக் கூலி பெற்றன, பறிப்பு முடிந்ததும் மூட்டை கட்டித் திரும்பின. சென்ற நூற்றாண்டின் நடுவிற்குப் பின் பறிக்கும் பொறிகள் வந்தன; அக்கூட்டம் மறைந்தது. ஆனால் கெண்டின் கோடை ஆளின்றிப் போய்விடவில்லை. கேண்டர்பரியிலும் பிராட்சுடேர்சிலும் மார்கேட்டிலும் இன்று வேறொரு விளைச்சல் அறுவடையாகின்றது. அவ்விளைச்சலின் பெயர் ஆங்கிலம். அதனை அறுத்துக் களஞ்சேர்ப்பதற்கும் கோடைதோறும் கூலியாள்கள் வருகின்றனர். அவர்தம் பெயர் ஆசிரியர்!

கெண்டு மட்டுமன்று, பிரைட்டன், ஈசுட்டுபோர்ன், ஏசுடிங்சு, போர்ன்மவுத்து முதலிய தென்கரை ஊர்களும், ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு ஆகிய பல்கலைக்கழக நகரங்களும் சூலை, ஆகசுட்டுத் திங்கள்களில் ஒரே காட்சியைத் தருகின்றன. விடுமுறைக்கு மூடிய உறைவிடப் பள்ளிகளையும் பல்கலைக்கழக விடுதிகளையும் மொழிக் குழுமங்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. இத்தாலி, இசுப்பானியா, பிரான்சு, துருக்கி, சவுதி அரேபியா, சீனம், சப்பான், பிரேசில் என நாலாப் பக்கத்தினின்றும் பிள்ளைகள் வந்து இறங்குகின்றனர். ஒரே நிறத்துப் பை முதுகில் தொங்க, ஒரே நிறத்துக் கயிற்றில் பெயரட்டை கழுத்தில் தொங்க, கடற்கரைத் தெருக்களில் அவர்கள் வரிசையாகச் செல்வதைக் கண்டே அவ்வூரார் கோடை வந்துவிட்டதென அறிவர். சிலர் விடுதிகளில் தங்குவர். சிலர் உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் கட்டணம் கொடுத்து உண்டு உறங்குவர். இரண்டு கிழமை, மூன்று கிழமை; அதன்பின் ஒரு சான்றிதழ்; பிறகு வானூர்தி நிலையம். ஒரு குழு செல்லும் நாளிலேயே மறு குழு வந்துவிடும்.

இப்பிள்ளைகட்கு ஆங்கிலம் கற்பிப்பவன் யார்? அவன் நாள் எப்படிக் கழிகிறது?

காலை ஏழு மணியளவில் உணவுக்கூடத்தில் நின்று, எழாத பிள்ளையை எழுப்பி, உண்ணாத பிள்ளையை உண்ணச் செய்கின்றான். ஒன்பது மணிக்கு வகுப்பு. ஞாயிறன்று வந்திறங்கிய மாணவரைத் திங்கட்கிழமைக் காலையில் ஒரு சிறு தேர்வால் அளந்து, தரம் பிரித்து, அன்றே பாடந் தொடங்கிவிட வேண்டும். பன்னிரண்டு அகவைச் சிறுவனும் பதினாறு அகவைப் பெண்ணும், சொல்லறியாதவனும் சரளமாகப் பேசுபவனும் ஒரே அறையில் அமர்ந்திருப்பர். அடுத்த கிழமை பாதிப் பேர் போய்விடுவர். வேறு பாதி வந்துவிடும். ஆகையால் தொடர்ச்சியுள்ள பாடத்திட்டம் என்று ஒன்று நிற்பதே அரிது. நண்பகல் உணவிற்குப் பின் அவனே பந்தாட்டத்திற்கு நடுவன், ஓவியத்திற்கு உதவியாளன், நீச்சற் குளத்திற்குக் கண்காணி. மாலையில் ஆடல் பாடல். இரவு விளக்கணைக்கும் பொழுது தாழ்வாரத்தில் நடைபோட்டு, ஒவ்வோர் அறையிலும் தலையெண்ணுகின்றான். கிழமையிறுதியில் பேருந்தில் இலண்டனுக்கோ சுடோன்எஞ்சுக் கற்களுக்கோ நாற்பது பிள்ளைகளை அழைத்துச் சென்று, வெசுட்டுமின்சுட்டர்ப் பாலத்து நெரிசலில் நாற்பதும் நாற்பதாகவே இருக்கின்றனவா என்று மீண்டும் மீண்டும் எண்ணுகின்றான். கிழமைக்கு ஒருநாள் ஓய்வு. அந்நாளில் பெரும்பாலும் உறங்குகின்றான்.

இவற்றுள் இழிவான வேலை ஒன்றுமில்லை. பிள்ளைகளைக் காத்தல் உயர்ந்த தொண்டே. ஆயினும் ஆசிரியன் என்று அழைக்கப்படுபவனிடம் ஆசிரியப் பணி எத்துணைப் பகுதி என்பதே எண்ணத் தக்கது. பாடம் ஆயத்தஞ் செய்வதற்கு அவனுக்குக் கிடைப்பது உணவிற்கும் உறக்கத்திற்கும் இடைப்பட்ட இடுக்குநேரமே. இங்கிலாந்துச் சட்டம் குறைந்த அளவுக் கூலியை வரையறுத்துள்ளது. உறைவிடம் தரும் முதலாளி அதற்கெனக் கூலியில் ஓரளவு கழித்துக்கொள்ளவும் அச்சட்டமே இடந்தருகின்றது. தாழ்வாரத்தில் நடந்த இரவுநேரம் வேலைநேரத்தைச் சேர்ந்ததா, ஓய்வுநேரத்தைச் சேர்ந்ததா என்பது கோடைதோறும் எழும் பூசல். ‘உண்டியும் உறையுளும் இலவசம்’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதன் பொருள், முதற் கிழமைக் கூலிச்சீட்டைக் கண்ட பிறகே பலர்க்கு விளங்குகின்றது.

பிறகு அவன் ஏன் வருகின்றான்? உழவு இல்லாத காலத்தில் வெளியூருக்குக் கூலிக்குச் செல்லும் உழவன் ஏன் செல்கின்றானோ, அதே கரணியத்தால் வருகின்றான். ஆங்கிலம் கற்பிப்போருள் பலர்க்கு ஆண்டு முழுமைக்கும் வேலையில்லை. இசுப்பானியாவிலும் இத்தாலியிலும் உள்ள தனியார் மொழிப் பள்ளிகள் பெரும்பாலும் செப்தம்பர் அல்லது அக்தோபரில் தொடங்கி சூனில் முடியும் ஒப்பந்தத்தையே தருகின்றன. கோடைத் திங்கள்களில் சம்பளமில்லை. வாடகை மட்டும் உண்டு. எனவே குளிர்காலமெல்லாம் அயல்நாட்டில் கற்பித்தவன் கோடையில் தன் நாட்டிற்கே கூலியாளாய்த் திரும்புகின்றான். அவனோடு, அவ்வாண்டுதான் பட்டம் பெற்ற இளைஞரும், பணியோய்வு பெற்ற பள்ளியாசிரியரும், விடுமுறையில் சிறிது பொருளீட்ட விழையும் அரசுப் பள்ளி ஆசிரியரும் சேர்கின்றனர். ஆகசுட்டு இறுதியில் கோடை முடிகின்றது, வேலையும் முடிகின்றது. மறு கோடைக்கு அழைப்பு வருமா என்பது மேலாளர் உள்ளத்தைப் பொறுத்தது.

சற்று மேம்பட்ட இன்னொரு கோடைப் பணியும் உண்டு. பல்கலைக்கழகங்கள் இலையுதிர் காலத்தில் சேரவிருக்கும் அயல்நாட்டு மாணவர்க்கு ஐந்து, ஆறு கிழமைகளாகவோ, பத்துப் பன்னிரண்டு கிழமைகளாகவோ முன்பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. அங்குக் கூலி கூடுதல், இரவுநடை இல்லை. ஆயின் பொறுப்பு மிகப் பெரிது. சீனத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெற்றோரின் சேமிப்பையெல்லாம் கொண்டு வந்த மாணவி, அவ்வகுப்பின் இறுதித் தேர்வில் தேறினாலன்றிப் பல்கலைக்கழகத்தின் வாயிலுக்குள் நுழைய இயலாது. அவளது வாழ்வின் திருப்பத்தை அளந்து எண்ணிட்டுக் கொடுப்பவன், அடுத்த திங்களில் தனக்கே வேலையுண்டா என்று அறியாத கோடை ஆசிரியன்!

வாணிகத்தின் நிலையாமை இவனைத்தான் முதலில் தாக்குகின்றது. 2020-இல் கொள்ளைநோய் வந்தபோது அக்கோடையின் வகுப்புகள் பெரும்பாலும் நின்றன. 2021 அக்தோபர் முதல் நாள்தொட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தார் தம் நாட்டு அடையாள அட்டையைக் காட்டி இங்கிலாந்திற்குள் நுழைவது நிறுத்தப்பட்டது. கடவுச்சீட்டு வேண்டும் என்றாயிற்று. இத்தாலியச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நாற்பது பிள்ளைகள் உள்ளனர் என்றால், அவருட் பலர்க்குக் கடவுச்சீட்டு இராது. ஒன்றியத்திற்குள் அது தேவையுமில்லை. ஆகவே பல குழுக்கள் அயர்லாந்திற்கும் மால்ட்டாவிற்கும் திரும்பிவிட்டன. பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்கட்கு மட்டும் 2023 திசம்பர் இறுதியில் விலக்கு அளிக்கப்பட்டது. அரசியலார் வரைந்த ஒரு கோடு, கெண்டுக் கடற்கரையில் ஒரு வகுப்பறையைப் பூட்டிற்று. ஆங்கிலத்தின் வெற்றி ஆங்கிலத்தின் உள்ளார்ந்த சிறப்பால் வந்தது என்று இன்றும் சிலர் தமிழ்நாட்டில் பேசித் திரிகின்றனர். சிறப்பு உள்ளார்ந்ததாயின், ஓர் அட்டை செல்லாது என்றவுடன் அவ்வகுப்பு ஏன் வெறுமையாயிற்று?

அவ்வெற்றி எவ்வாறு கட்டப்பட்டது என்பதற்கு வரலாறு உண்டு. 1913-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அயல்மொழியார்க்கென ஆங்கிலத் தேர்வு ஒன்றை முதன்முதல் நடத்திற்று. பன்னிரண்டு மணிநேரத் தேர்வு, எழுதியோர் மூவர், மூவருமே தோற்றனர். இன்று உலகெங்கும் எழுதப்படும் கேம்பிரிட்சுத் தேர்வுகளின் தொடக்கம் அத்துணைச் சிறிது! 1934-இல் பிரிட்டிசு கவுன்சில் நிறுவப்பட்டது. 1940-இல் அரசப் பட்டயம் பெற்றது. தன் மொழியையும் பண்பாட்டையும் அயல்நாடுகளில் பரப்புவதற்கு ஓர் அரசு, உலகப் போரின் நடுவிலும், பொருள் ஒதுக்கிற்று என்பதைத் தமிழர் குறித்துக்கொள்க. 1953-இல் சான் ஏக்கிராப்டும் அவர் மனைவி பிரீட்டாவும் இசுப்பானியாவின் கோர்தோபா நகரில் ஒரு சிறு மொழிப்பள்ளி தொடங்கினர். 1959-இல் இலண்டனுக்கு வந்தனர். 1962-இல் ஆசிரியர்க்கென ஒரு குறும்பயிற்சி வகுத்தனர். இன்று ‘செல்ட்டா’ எனப்படும் நான்கு கிழமைச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அதுவே வித்து.

நான்கு கிழமையா என்று எள்ளற்க. 120 மணிநேரம் பயிற்சி. அதனுள் 6 மணிநேரம் உண்மையான மாணவர் முன் நின்று கற்பித்தல். கற்பிப்பதைப் பயிற்றுநரும் உடன்பயில்வோரும் பின்னிருந்து நோக்கிக் குறைநிறை கூறுதல். கரும்பலகைக்கு முதுகுகாட்டி நின்று தானே பேசிக்கொண்டிருப்பவனை அப்பயிற்சி முதல் நாளிலேயே நிறுத்திவிடும். மாணவன் வாய்திறக்க வேண்டும். ஆசிரியன் வாய்மூட வேண்டும் என்பது அதன் முதற்பாடம். தமிழாசிரியர் பயிற்சியில் இத்துணைக் கூர்மையாகப் பின்னிருந்து நோக்கித் திருத்தும் முறை எத்தனை இடங்களில் உண்டு என்று அத்துறையார் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்! குறை பயிற்சியில் இல்லை. அது தொடக்கத்திற்கு என வகுக்கப்பட்டது; வாணிகமோ அதையே முடிவாக்கிக்கொண்டது. நான்கு கிழமையிற் செய்த ஆசிரியன், நான்கு கிழமையில் மாற்றத்தக்க ஆசிரியன்.

இனித் தலையாய செய்திக்கு வருவோம். இவ்வாணிகத்தில் பயிற்சியினும் பட்டறிவினும் உயர்வாக விலைபோவது ஒன்றுண்டு. அது பிறப்பு. ‘பிறவியிலேயே ஆங்கிலம் பேசுவோர் கற்பிக்கின்றனர்’ என்பதே உலகெங்கும் மொழிப் பள்ளிகளின் விளம்பரம். தென்கொரிய அரசு அயல்மொழிப் பயிற்றுநர்க்குத் தரும் நுழைவிசைவை, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, ஆத்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்கட்கே பொதுவாக வரையறுத்தது. முப்பதாண்டு ஆங்கில இலக்கணம் கற்பித்த ஒரு நைசீரியரோ ஒரு தமிழரோ அவ்வாயிலில் நிற்கவியலாது. நேற்றுப் பட்டம் பெற்ற ஒரு கனடிய இளைஞன் செல்லலாம். இது தவறு என்று உலக ஆங்கில ஆசிரியர் அமைப்பான ‘டீசால்’ 2006-இல் வெளிப்படையாக அறிக்கை விடுத்தது. அறிக்கைக்குப் பின்னும் விளம்பரங்கள் சொல்லை மாற்றினவேயன்றி எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வெண்ணம் எங்கே வித்திடப்பட்டது? உகாண்டா நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்பு, 1961-இல், அந்நாட்டு மக்கரேரியில் ஆங்கிலக் கல்வி பற்றிய பொதுநல நாடுகளின் மாநாடு ஒன்று கூடிற்று. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும். சிறந்த ஆசிரியன் அம்மொழியிற் பிறந்தவனே. எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. எவ்வளவு மிகுதியாகக் கற்பிக்கிறோமோ அவ்வளவு நன்று. பிறமொழிகளை மிகுதியாகப் பயன்படுத்தினால் ஆங்கிலத் தரம் தாழும் — இவ்வைந்து கருத்துகளும் அம்மாநாட்டின் வழியே ஊன்றின. இராபர்ட்டு பிலிப்சன் என்னும் அறிஞர், மொழி வல்லாண்மை பற்றி 1992-இல் வெளியிட்ட நூலில், இவ்வைந்தும் உண்மைகளல்ல, ஐந்து பிழைக் கொள்கைகள் என்று எடுத்துக்காட்டினார். கொடி இறங்கும் நாட்டில் மொழி ஏறி அமர்வதற்கான ஏற்பாடே அது என்பது அவர் ஆய்வின் சாரம். அவரும் ஆங்கிலேயரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எழுதியவரும் அவ்வாணிகத்தின் உள்ளிருந்தே வந்தவர். பிரிட்டிசு கவுன்சிலில் பணியாற்றியவர்.

பிறப்பே ஆசிரியனை ஆக்கும் என்பது ஏன் பிழை? எடுத்துக்காட்டு ஒன்று போதும். சப்பானிய மொழியிலும் உருசிய மொழியிலும் ஆங்கிலத்தில் உள்ளது போன்ற சுட்டுமுன்னொட்டுகள் இல்லை. எனவே சப்பானிய மாணவன் ஒருவன், ‘இவ்விடத்தில் ஏன் இச்சிறு சொல் வேண்டும்? அவ்விடத்தில் ஏன் வேண்டா?’ என்று கேட்கின்றான். பயிற்சியற்ற ஆங்கிலேய இளைஞன் தலையைச் சொறிகின்றான். ‘அப்படிச் சொன்னால்தான் காதுக்கு ஒத்து வருகின்றது’ என்கின்றான். அவன் காதுக்கு ஒத்து வரும்; மாணவன் காது அவனதன்றே! அதே வினாவை, ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்றுத் தேறிய ஒரு போலந்து ஆசிரியையிடம் கேட்டால், அவள் கட்டகத்தைப் பலகையில் போட்டுக் காட்டுகின்றாள். ஏனெனில் அவளும் ஒருகால் அதே வினாவைக் கேட்டவள். அவள் நடந்து வந்த வழி அது. மற்றவன் அவ்வழியிலேயே பிறந்தவன்; ஆகையால் வழி என்று ஒன்று இருப்பதையே அறியான்.

ஆங்கிலங் கற்பிக்கும் கலையின் வரலாறும் இதற்கே சான்று பகர்கின்றது. அக்கலையின் அடிக்கற்கள் இலண்டனில் மட்டும் செதுக்கப்பட்டவை அல்ல. மைக்கேல் வெசுட்டு டாக்காவில் வங்கப் பிள்ளைகளிடையே பணியாற்றியே தம் சொல்லெண்ணிக்கை வரையறுத்த பாடநூல்களை உருவாக்கினார். வங்கத்தின் இருமொழிக் கல்வி பற்றிய அவர் நூல் 1926-இல் வந்தது. அரோல்டு பாமர் 1922-இல் தோக்கியோ சென்று சப்பானியக் கல்வித்துறைக்கு அறிவுரைஞராய் அமர்ந்தார். ஆர்ன்பி தொகுத்த கற்போர் அகரமுதலி 1942-இல் சப்பானில்தான் முதலில் அச்சேறிற்று. 1948-இல் ஆக்சுபோர்டு அதனைத் தன் பெயரில் வெளியிட்டது. ஆங்கிலம் அறியாத வாய்களின் தடுமாற்றத்தை ஆண்டுக்கணக்கில் கூர்ந்து நோக்கியதன் பயனே, இன்று கெண்டுக் கடற்கரையில் ‘எம் பிறவிச் சொத்து’ என விற்கப்படுகின்றது.

தமிழர் ஒருவரும் இவ்வழக்கில் சான்றுரைத்துள்ளார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தே ஆங்கிலங் கற்பித்த சுரேசு கனகராசா, 1999-இல் ஆக்சுபோர்டு வெளியிட்ட தம் ஆங்கில நூலில் அங்குள்ள வகுப்பறையைத் திறந்து காட்டினார். அமெரிக்க நகர வாழ்வைக் காட்டும் பாடநூல் மாணவர் கையில், வெளியே குண்டு. மாணவர் பாடநூலின் ஓரங்களில் என்ன கிறுக்கியிருந்தனர் என்பதையும் அவர் ஆய்ந்தார். பாடத்தின் நடுவில் அமெரிக்கா, ஓரத்தில் ஈழம்! அவ்வோரக் கிறுக்கலில் ஒரு நாட்டின் நெஞ்சத்துடிப்பு இருந்ததை, பிறவி ஆங்கிலன் ஒருவன் கண்டிருப்பானா என்பது ஐயம். கண்டிருந்தாலும் படித்திருக்க மாட்டான். ‘ஆங்கிலமே பேசுக’ என்ற கட்டளைக்கு மாறாக, விளங்காத இடத்தில் ஆசிரியர் தமிழால் விளக்கியதையும் அவர் பதிந்துள்ளார். (பேச்சில் இருமொழிகளைக் குழப்பி எறியும் இழிவழக்கிற்கு இதனைச் சான்றாக எவரும் காட்டற்க. தாய்மொழியால் விளக்குவது வேறு. தாய்மொழியைக் கெடுப்பது வேறு.)

இதுவரை படித்த தமிழன்பர் உவகை கொள்வர். ஆங்கில வாணிகத்தின் பொய்ம்மை வெளிப்பட்டதென்று கைகொட்டுவர். கொட்டிய கையைச் சற்று நிறுத்துக. பிறப்பு மொழியைத் தரும். ஆசிரியனைத் தராது என்பது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய உண்மையா?

‘தமிழ்தானே, யார் வேண்டுமாயினும் நடத்தலாம்’ என்ற பேச்சு தமிழ்நாட்டில் எத்தனைத் தாளாளர் வாயினின்று வந்துள்ளது! கணக்கிற்கு ஆள் தேடுவர். அறிவியலுக்கு ஆள் தேடுவர். தமிழ்ப் பாடவேளைக்கு அப்போது ஓய்வாக இருப்பவர் போதும். ‘படித்துப் பார்’ என்பதில் ஒற்று மிகுகின்றது. ‘வந்து பார்’ என்பதில் ஏன் மிகவில்லை என்று ஒரு மாணவன் கேட்டால், அப்படி அமர்த்தப்பட்டவரும் ஆங்கிலேய இளைஞனைப் போலவே காதைத்தான் காட்டுவார். முன்னது வன்றொடர், பின்னது மென்றொடர் என்று சொல்லப் பிறப்பு உதவாது, கல்வி உதவும். ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்துவிட்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க்குழந்தை ஐந்து அகவையில் பிழையின்றிப் பேசும்; முதியோர் ஐம்பது அகவையிலும் விளக்கமாட்டார். மொழிப்பற்று மிக்க அன்பர்களும் இக்குற்றத்தினின்று விலகியவர் அல்லர். மேடையில் தமிழ் முழங்குவோரைத் தமிழாசிரியர் எனக் கருதும் மயக்கம் இயக்கத்திலும் உண்டு.

அயர்லாந்தார் இவ்வகையில் சற்று முன்னதாகவே விழித்தனர். 1893-இல் ஐரிசு மொழிக் கழகம் தோன்றிற்று. 1904-இல் கார்க்கு மாவட்டத்தின் பாலிங்கியரி என்னும் சிற்றூரில் முதல் ஐரிசுக் கோடைக் கல்லூரி திறக்கப்பட்டது. அது முதலில் யாருக்குத் திறக்கப்பட்டது? பிள்ளைகளுக்கன்று, ஆசிரியர்க்கு. ஐரிசைப் பள்ளியில் கற்பிக்க வேண்டுமாயின் கற்பிப்பவன் முதலில் கற்க வேண்டும் என்று அவர்கள் கண்டனர். அவ்வழியில் வந்த கோடைக் கல்லூரிகளுக்கு இன்றும் பல்லாயிரம் இளையோர் மேலைக்கரை ஊர்களுக்குச் செல்கின்றனர். மூன்று கிழமையளவு தங்குகின்றனர். வீட்டுத் தலைவியர் அவர்க்கு உண்டியளித்து ஐரிசிலேயே உரையாடுகின்றனர். மாணவர் தங்கும் இரவுக்கு இவ்வளவு என்று அரசு அவ்வில்லங்களுக்குத் தொகை தருகின்றது. ஆங்கிலத்தில் பேசினால் ஊருக்குத் திருப்பியனுப்பிவிடும் கண்டிப்பும் நெடுங்காலம் இருந்தது. அங்குக் கற்பிப்போரும் கோடைப் பணியாளரே. ஒரே கோடையில், ஒரே நாட்டில், தப்ளின் நகரத்து வகுப்பில் இத்தாலியச் சிறுவன் ஆங்கிலம் பயில்கின்றான். கன்னிமாராக் கடற்கரையில் தப்ளின் சிறுவன் தன் பாட்டன் மொழியைப் பயில்கின்றான். இதனால் ஐரிசு பிழைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. திரும்பும் பேருந்திலேயே பலர் ஆங்கிலத்திற்குத் திரும்பிவிடுகின்றனர். எனினும், ஆசிரியனை முதலில் ஆயத்தஞ் செய்தல் என்ற அந்த 1904-ஆம் ஆண்டு முடிவு அறிவுடையோர் முடிவு.

தமிழர்க்கும் அயல்மண்ணில் இத்தகைய வகுப்புகள் உண்டு. 1983-இன் கொடுமைக்குப் பின் ஈழத்தினின்று பெயர்ந்தோர் இலண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பலவாறு பெருக்கினர். கோடையில் ஆங்கில வாணிகத்திற்கு வாடகைக்குப் போவது போன்ற பள்ளிக் கட்டடங்களையே, காரிக்கிழமை தோறும் அவர்களும் வாடகைக்கு எடுக்கின்றனர். ஆசிரியர்க்குச் சம்பளம் பெரும்பாலும் இல்லை. கிழமை முழுதும் கடையிலோ மருத்துவமனையிலோ கணக்கலுவலகத்திலோ உழைத்த தாய்மார் ஓய்வுநாளைத் தமிழுக்குத் தருகின்றனர். அவர்தம் தொண்டிற்கு ஈடில்லை. ஆயின் அவர்முன் அமர்ந்திருக்கும் குழந்தைக்குத் தமிழ் தாய்மொழியாக மட்டுமன்றி, பாதி அயன்மொழியாகவும் இருக்கின்றது. ‘மணம்’ என்பதிலும் ‘மனம்’ என்பதிலும் நா எங்கே செல்ல வேண்டும் என்று அக்குழந்தை கேட்கின்றது. ‘நான் சொல்வதைப் போலச் சொல்’ என்கின்றார் தாய். குழந்தை அப்படியே சொல்லி, இரண்டையும் ஒன்றாகச் சொல்கின்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் நாவும் அண்ணமும் பல்லும் எவ்வாறு பொருந்துகின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்து வைத்துள்ளது. அதனை ஒரு வரைபடமாக்கி, அத்தாயின் கையில் நான்கு கிழமைப் பயிற்சியோடு கொடுப்பதற்குத் தமிழர்க்கு ஒரு கேம்பிரிட்சு இல்லை. ஒரு பாலிங்கியரியும் இல்லை.

அவ்வகுப்பறையின் சுவரில் ஆங்கில நெடுங்கணக்கு ஒட்டியிருக்கும்; வாடகைக்கு வந்தோர் அதனைக் கழற்றலாகாது. அதன்மேல் தமிழ் நெடுங்கணக்கை மடிப்புக் கலையாமல் தொங்கவிடுகின்றார். நண்பகலில் அதனைச் சுருட்டிப் பையில் வைத்து, பலகையைத் துடைத்து, நாற்காலிகளைப் பழைய வரிசையிலேயே அடுக்கிவிட்டுத் திறவுகோலைக் காவலரிடம் ஒப்படைக்கின்றார்.